ஒன்று போட்டவனும் ஏழு போட்டவளும்

முப்பது வருடப் பணிக்காலத்தில் நான் எத்தனை மாணவர்களைக் காப்பாற்றினேன் என்று கேட்டால் எண்ணுவதற்கு விரல் தேவைப்படாது. ஆனால் ஒரு மாணவன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அதுவும் சட்டைக் காலரைப் பிடித்து, தாமிரபரணியிலிருந்து தரதரவென்று இழுத்துக் கரையில் போட்டு.

ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு என்றதும் கிழவன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தலையில் முடி இருக்கிறது. கறுப்பாகவும் இருக்கிறது. எப்படிக் கறுப்பாக இருக்கிறது என்பது என் சொந்த விஷயம்.

போன மாதம் எங்கள் உளவியல் துறையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் பெண் ஒருத்தி போன் செய்தாள். நாங்கள் தாளில் எடுத்த அதே கணக்கெடுப்பை அவர்கள் இப்போது கைபேசியில் எடுக்கிறார்களாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மாணவர்கள் பதில் சொல்கிறார்களாம். முடிவு உடனே வந்துவிடுகிறதாம்.

"சார், ஒரு சந்தோஷமான செய்தி. நம்ம மாவட்டத்துலயே கடற்கரைப் பிள்ளைங்கதான் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. எல்லாரும் ஏழுக்கு ஏழு!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "யம்மா, கொஞ்சம் பொறு! அதை யார்கிட்டயும் சொல்லிராதே! கட்டுரை கிட்டுரை எழுதிராதே!" என்று போட்ட சத்தத்தில் என் மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அந்தப் பெண் பயந்துபோய், "அப்போ என்ன சார் நடந்துச்சு, எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதிக் கொடுக்கிறேன். சுருக்கம் இதுதான்: ஒரு பெண் சாப்பிடாமல் செத்துக்கொண்டிருந்தாள், நான் வேறொருத்தனைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்தேன். படித்தது, தேறியது, நேர்காணலில் உளறியது எல்லாம் ஒரு வரிக்கு மேல் பெறாது. அந்த ஒரு வரி இதுதான். வேலை என்னவென்றால், பல்கலைக்கழக மாணவர்கள் எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்று அளப்பது. பாபநாசம் மலையில் இறங்கி, பாளையங்கோட்டையைத் தொட்டுக்கொண்டு, புன்னக்காயலில் கடலில் விழுகிற இந்த ஒரே ஆற்றின் ஓரத்திலும் அதைச் சுற்றியும் எத்தனை விதமான வீடுகள்! ஆற்றங்கரைப் பிள்ளைகள், வள்ளியூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டுப் பிள்ளைகள், கடற்கரைப் பிள்ளைகள். இந்த மூன்று கூட்டத்தில் யார் அதிக நலமாக இருக்கிறார்கள், ஏன் என்பதுதான் ஆய்வு.

தாளில் இருபது வாக்கியங்கள். 'காலையில் எழும்போது என் மனம் லேசாக இருக்கிறது' என்பது போல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். 'கொஞ்சமும் இல்லை' என்றால் ஒன்றை வட்டமிட வேண்டும். 'முழுக்க உண்மை' என்றால் ஏழை. பின்பக்கத்தில், கடந்த மூன்று நாளில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு கட்டம். அது எங்களுடையது அல்ல. பக்கத்து மனையியல் துறை கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தது. அதை நாங்கள் படிப்பதே இல்லை.

இந்த ஆய்வுக்குத் தலைவி பேராசிரியர் கோமதி. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, வடக்கே படித்து, திரும்பி வந்தவர். மேடத்தின் வழிமுறைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு இன்றும் முதுகு நிமிர்ந்துவிடும். பென்சில்களை அவரே சீவுவார். இரண்டு முனையிலும் சீவுவார்; ஒரு முனை உடைந்தால் மாணவன் தலை நிமிர்ந்து வேறு பென்சில் கேட்கக் கூடாது, திருப்பிப் பிடித்து எழுத வேண்டும், நினைப்பு அறுபடக் கூடாது. பெஞ்சுக்கு ஒருவர். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் பூட்டிய இரும்பு அலமாரியில். அதை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை கூட்ட வேண்டும், முதலில் நீல மையில் ஒருவர், பிறகு சிவப்பு மையில் இன்னொருவர். கூட்டுத்தொகை மிகவும் குறைந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் மேடத்தின் கையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கூட எனக்குக் கஷ்டமில்லை. தாள் கொடுக்கும்போது முகத்தை வைத்துக்கொள்ளும் விதிதான் கஷ்டம். சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. "உங்க மூஞ்சி தபால் பெட்டி மாதிரி இருக்கணும் சங்கரன். போடறவா போட்டுட்டுப் போகணும், அவ்வளவுதான்" என்பார். பிறந்ததிலிருந்து யாரையாவது கேலி செய்துகொண்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னார். முதல் மாதம் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று தபால் பெட்டியாகப் பழகினேன். என் அம்மா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டாள்.

மேடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "உக்காருங்கோ சங்கரன்" என்றால் கொஞ்சம் கோபம். "காப்பி சாப்பிடறேளா சங்கரன்" என்றால் ஓடிவிடலாம் என்று அர்த்தம்.

பயிற்சிக்காக முதலில் என்னையே ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். அதைக் கூட்டிப் பார்த்த மேடம் இரண்டு நாள் என்னிடம் மெதுவான குரலில் பேசினார். மூன்றாம் நாள், "வீட்டுல ஏதாவது பிரச்சனையா சங்கரன்? அரை நாள் லீவு வேணா எடுத்துக்கோங்கோ" என்றார். எதற்கு என்று புரியாமலே நான் அந்த அரை நாளில் சினிமாவுக்குப் போனேன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் எனக்கு நாற்பதுக்கு மேல்தான் வந்தது.

சில மாதங்களில் முடிவுகள் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தன. கடற்கரைத் தாள்களில் ஏழு ஏழாகக் கொட்டியது. டவுன், பாளையங்கோட்டைப் பக்கத்துச் சைவ வீட்டுப் பிள்ளைகளின் தாள்கள் எழவு வீடு போலக் கிடந்தன. மேடம் உற்சாகமாகிவிட்டார். கடற்கரை வாழ்வின் ஒற்றுமை, கோயில் பாட்டு, கூட்டு உழைப்பு என்று ஒரு மாநாட்டுக் கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

காலையில் முதுகலை மாணவர்களுக்குத் தாள் கொடுத்து வாங்கினோம். மேடம் துணைவேந்தர் கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் நீலப் பேனாவோடு உட்கார்ந்து கூட்டிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றாம் எண் தாள். எல்லாம் ஒன்று. இருபது வாக்கியத்துக்கும் ஒன்று. மறுபடி கூட்டினேன். இருபது ஒன்றைக் கூட்ட மறுபடியும் என்ன இருக்கிறது? ஆனாலும் கூட்டினேன், ஒருமுறை பத்தொன்பது வந்தது.

விதிப்படி மேடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன், ஒரு மூன்று நிமிஷம் இருக்கும். பிறகு அலமாரியைத் தனியாகத் திறந்தேன். நாற்பத்தொன்று: நெல்லையப்பன், இயற்பியல், ஆண்கள் விடுதி. தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மொபெட்டை உதைத்தேன். அது கிளம்பவில்லை. பெட்ரோல் குழாயைத் திறக்காமல் உதைத்திருக்கிறேன்.

விடுதி வாசலில் வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நெல்லையப்பன் எங்கவே?"

"ஆத்துக்குப் போயிருக்கான்."

"யாரு கூட?"

"தனியாத்தான். சிரிச்சிக்கிட்டே போனான். நேத்து அவன் புஸ்தகத்தை எல்லாம் பக்கத்து ரூம் பயலுக்குத் தூக்கிக் குடுத்துட்டான்வே. எனக்கு ஒரு சட்டை குடுத்தான். பாரும், எப்படி இருக்கு?"

பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு அமைதியாகச் சிரிப்பது நல்ல அறிகுறி இல்லை என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். அந்த வரி எனக்குப் பக்க எண்ணோடு நினைவுக்கு வந்தது. பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு தயிர்க்காரம்மா என்னைத் திட்டியது நினைவிருக்கிறது. குறுக்குத்துறைப் படித்துறையில் மொபெட்டைச் சாய்த்தது, அது சாயாமல் உருண்டு போனது, அதுவும் நினைவிருக்கிறது. தூரத்தில் தண்ணீரில் ஒரே ஒரு தலை. நான் பார்க்கப் பார்க்க அந்தத் தலை முங்கியது.

"நெல்லையப்பா, வேண்டாம்டே!" என்று அலறிக்கொண்டு குதித்தேன். பூட்ஸோடு. எனக்கு நீச்சல் தெரியும். அதாவது, எப்படி நீந்த வேண்டும் என்பது தெரியும்.

அடுத்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, கரையில் குப்புறக் கிடந்து நான் ஆற்றைத் துப்பிக்கொண்டிருந்ததுதான். பக்கத்தில் தலை நிறைய எண்ணெயும் சீயக்காயுமாக ஒரு பையன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"ஏன் அண்ணாச்சி, என்ன செய்யுதிய? பூட்ஸோடயா குளிக்க வருவிய? நல்ல வேள, நான் முங்கி எந்திரிக்கும்போது பாத்தேன்."

"லே... நீ... நெல்லையப்பன்தான?"

"ஆமா."

"எதுக்குலே எல்லாத்துக்கும் ஒண்ணு போட்ட?"

அவனுக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். தாள் நமுத்த அப்பளம் போலத் தொங்கியது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இதுக்கா குதிச்சிய? பின்ன என்ன போடச் சொல்லுதிய அண்ணாச்சி? எனக்குப் பெங்களூர்ல ஆராய்ச்சிக்கு எடம் கெடச்சிருக்கு. முந்தாநாத்துதான் காயிதம் வந்துச்சு. எனக்குப் பரீட்சையும் முடிஞ்சிட்டு, புஸ்தகத்த எல்லாம் குடுத்துட்டேன். அக்காவுக்கும் கல்யாணம் கூடியிருக்கு. இந்த நேரத்துல போயி, 'நான் ரொம்ப நல்லா இருக்கேன், என் மனசு லேசா இருக்கு'ன்னு எழுதிக் குடுத்தா வெளங்குமா? கண்ணு பட்டுரும்லா! எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொலிய உரிச்சிருவா."

நான் அந்த மணலில் உட்கார்ந்தே விட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே! எங்களுக்கு நிலம் இருந்த காலத்திலும் சரி, நிலமெல்லாம் போய் எல்லாரும் வாத்தியாராகவும் குமாஸ்தாவாகவும் ஆன பிறகும் சரி, "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால் என் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏதோ ஓடுது" என்பார். எனக்கு வேலை கிடைத்த அன்று பக்கத்து வீட்டில் விசாரித்ததற்கு, "என்னத்தச் சொல்ல" என்றார். அவன் நிரப்பியது கேள்வித்தாளே இல்லை. புது வீட்டு வாசலில் கோரமாக முகம் வரைந்து கட்டித் தொங்கவிடுகிற திருஷ்டிப் பூசணிக்காய். நான் பயிற்சிக்கு நிரப்பியதும் அதேதான். ஒரு பூசணிக்காய்க்கு அரை நாள் லீவு வாங்கியிருக்கிறேன்.

அந்த ஈரத்தோடே துறைக்கு ஓடினேன். மேடம் வந்திருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் நின்ற இடத்தில் குட்டையாகத் தண்ணீர் தேங்கியது.

"ஸ்நானம் ஆச்சா சங்கரன்? காப்பி சாப்பிடறேளா?"

ஓடிவிட வேண்டிய கட்டம். ஆனால் ஓடிக் களைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லிஸ்டைத் தனியாத் திறந்தேள், ஒரு தப்பு. எங்கிட்டச் சொல்லாம ஓடினேள், ரெண்டு. தாளை நனைச்சேள், மூணு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாலாவது தப்பு என்னோடது. ஒண்ணு போட்டவன் நன்னா இருக்கான். அப்போ ஏழு போட்டவா எப்படி இருக்கா, சங்கரன்?"

எனக்கு ஆற்றில் வராத குளிர் அப்போது வந்தது.

"மேடம், நீங்க நிரப்பினா என்ன போடுவீங்க?" என்று கேட்டேன். பயத்தில் எனக்கு இப்படித்தான் ஏதாவது வரும்.

"நாலு. எங்காத்துல எல்லாரும் நாலுதான் போடுவா. ரெண்டு பக்கமும் வம்பு வேண்டாம்னு." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. "அந்த ஏழுகளை எடுங்கோ."

அன்றைய ஏழுகளை மேசையில் பரப்பினோம். முன்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் ஏழு. எதற்கென்று தெரியாமலே நான் தாள்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழாம் தாளின் பின்பக்கம், சாப்பாட்டுக் கட்டத்தில், அழகான சின்ன எழுத்தில் இருந்தது: 'நேற்று: கடுங்காப்பி. அதற்கு முந்தின நாள்: கடுங்காப்பி. அதற்கும் முந்தின நாள்: கடுங்காப்பி, ஒரு வாழைப்பழம்.'

மேடம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை அவர் நிமிர்த்தி வைக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன். பட்டியலை இரண்டு பேருமாகச் சேர்ந்து திறந்தோம். ஸ்டெல்லா, வரலாறு, ஊர் புன்னக்காயல்.

பெண்கள் விடுதியின் பார்வையாளர் அறைக்கு அவளை வரவழைத்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். முகத்தில் மட்டும் சிரிப்பு இருந்தது.

"எப்படி இருக்க ஸ்டெல்லா?" என்றார் மேடம்.

"நல்லாருக்கேன் மேடம்."

"தூக்கம்?"

"நல்லா தூங்குதேன் மேடம்."

"ஆத்துல எல்லாரும்?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. அப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. அம்மாவும் அண்ணனும். அண்ணன் தொழிலுக்குப் போயிருக்காங்க."

"கடலுக்கா? என்னைக்குப் போனார்?"

அவள் சிரிப்பு அப்படியே இருந்தது. "போன செவ்வாக்கெழம."

"வழக்கமா எப்ப திரும்புவாங்க?" என்றேன் நான்.

"மறுநாளே வந்துருவாங்க சார்."

அன்று புதன்கிழமை. போனதோ போன வாரத்துச் செவ்வாய். "அய்யய்யோ, எட்டு நா..." என்று நான் வாயைத் திறந்ததும் மேடம் என் காலை மிதித்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள். பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்ததும் மூச்சு முட்டி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல, ஆளு கடல்ல கெடக்கும்போது கெட்டது எதுவும் வாயில வரக்கூடாது சார்" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போல. "சொன்னா கடலுக்குக் கேட்டுரும்னு அம்மா சொல்லுவாங்க. எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லணும். எழுதுனாலும் அப்பிடித்தான்."

மேடம் இத்தனை வருடம் படித்த கேள்வி எதுவும் இந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. எப்படி இருக்கிறாய் என்று எந்த விதத்தில் கேட்டாலும் அவள் 'நல்லாருக்கேன்' என்றுதான் சொல்வாள். வேறு சொன்னால் அண்ணனை அவளே மூழ்கடித்ததாக அவளுக்குத் தோன்றும். நான் பதற்றத்தில் கையிலிருந்த வெற்றுத் தாள்களை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதற்றத்தில் வந்ததுதான் பின்னால் நான் சொன்னது. யோசனை என்று அதற்குப் பெயர் வைத்தால் யோசனைக்கு அவமானம்.

"யம்மா ஸ்டெல்லா, எனக்கு ஒரு உதவி செய்வியா? உன்னையப் பத்தி ஒண்ணும் எழுதாண்டாம். உங்க ஊர்லயே உன் வயசுல வேற ஒரு பொண்ணு இருக்கான்னு வச்சிக்கோ. அவளுக்கும் ஒரு அண்ணன். அந்த அண்ணனும் போன செவ்வாக்கெழம போனவரு. அந்தப் பொண்ணு இந்தத் தாளை எப்படி நிரப்புவா? அவளுக்குப் பதிலா நீ நிரப்பிக் குடு."

"அது தப்பாகாதே சார்?"

"உங்க அண்ணன் பேரே அதுல வராது."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் பென்சிலை நீட்டினார்.

முதல் வாக்கியத்துக்கு அரை நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஒன்று. அடுத்தது ஒன்று. பிறகு வேகமாக ஒன்று, ஒன்று, ஒன்று. எட்டாவதில் பென்சில் முனை ஒடிந்தது. தலை நிமிராமல் திருப்பிப் பிடித்து மறுமுனையால் எழுதிக்கொண்டே போனாள். 'என் கஷ்டத்தைச் சொல்லி அழ எனக்கு ஓர் ஆள் உண்டு' என்ற வாக்கியத்தில் நின்றாள். அதற்கும் ஒன்று போட்டாள். தாளை முடித்து, ஓரத்தை நேர்ப்படுத்தி, மேடத்திடம் கொடுத்துவிட்டு,

"அந்தப் பொண்ணு ரொம்பப் பாவம் மேடம்" என்றாள்.

சொல்லிவிட்டு மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். தபால் பெட்டி போல முகத்தை வைத்துக்கொள்ள நான் எடுத்த பயிற்சி அத்தனையும் அன்று அந்த அறையில் கரைந்து போயிற்று. மேடம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். பதினொன்று.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அம்மாவிடமிருந்து எட்டு நாளில் இரண்டு கடிதம். முதல் கடிதம்: 'இங்கு யாவரும் நலம். அண்ணன் தொழிலுக்குப் போயிருக்கிறான்.' இரண்டாம் கடிதம்: 'இங்கு யாவரும் நலம். அண்ணன் தொழிலுக்குப் போயிருக்கிறான்.' முதல் கடிதத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதி; அந்த இரண்டாவதைப் படித்ததும், மறுநாளே திரும்ப வேண்டியவன் இன்னும் திரும்பவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இவளும், 'நானும் நலம்' என்று பதில் போட்டிருக்கிறாள். அண்ணன் வரும்வரை ஒருசந்தி, அதாவது நோன்பு, இருப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டு சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"ஊருக்குப் போயிருக்கலாமே?"

"எப்பிடி மேடம் போறது? பரீட்சை சமயத்துல போயி நின்னா, 'ஏன் வந்த?'ன்னு அம்மா கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் சொல்லணும்லா."

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் முடிவெடுத்துவிட்டால் துடைக்க மாட்டார். "பால் சாப்பிட்டா உன் ஒருசந்தி முறிஞ்சுடுமா?"

ஸ்டெல்லா யோசித்தாள். "பாலப் பத்தி நேந்துக்கல."

"சங்கரன், பால்."

ஓடினேன். அன்று நான் ஓடிய ஓட்டங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். டம்ளரோடு திரும்பி வந்தபோது மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாளைக்குக் கார்த்தால நான் உங்க ஊருக்கு ஆய்வுக்கு வரேன். அங்க யாரையும் எனக்குத் தெரியாது. கூட வந்து வீடு காட்ட ஒரு பொண்ணு வேணும். நீ வரணும். இது பேராசிரியர் உத்தரவு. அம்மா கேட்டா இதைச் சொல்லு."

அவள் அரை டம்ளர் பாலைக் குடித்தாள். மீதியையும் குடிக்கும்வரை மேடம் எழுந்திருக்கவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் சோறு இறங்காது: அவள் அண்ணன் திரும்பி வந்துவிட்டான். இஞ்சின் பழுதாகி, வள்ளம் எங்கேயோ ஒதுங்கி, வேறு படகுக்காரர்கள் இழுத்துப்போய்க் கேரளக் கரையில் விட்டு, அடுத்த வாரம் தாடியோடு வந்து இறங்கினான். மேடம் பாதி எழுதிய மாநாட்டுக் கட்டுரையைக் கிழித்ததும், எங்கள் தாளில் 'உங்களைப் போன்ற ஒருவர்' என்று, இப்போது கைபேசிக்கு ஏறாமல் விட்டுப்போன, ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்ததும், மனையியல் துறைக் கட்டத்தை முதலில் படிக்க வேண்டும் என்று விதி வந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனபோது இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஸ்டெல்லா ஜன்னலோரம். மேடம் நடுவில். நான் மடியில் தாள்கட்டோடு, காலில் செருப்போடு.

புன்னக்காயலில் அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் அவள் முகம் ஒரு நொடி வெளிறியது.

"ஏன்ட்டி வந்த?"

"ஆய்வுக்கும்மா. மேடத்துக்கு வீடு காட்ட."

அம்மாவுக்கு உயிர் வந்தது. "வாங்கம்மா, வாங்கய்யா. இங்க எல்லாம் நல்லாருக்கு. மவன் தொழிலுக்குப் போயிருக்கான்."

"தெரியும்மா, சொன்னா" என்றார் மேடம், சாதாரணமாக.

அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது, அந்தக் கடிதங்களும் யாரிடமோ சொல்லி எழுதவைத்தவை. ஸ்டெல்லாதான் வாசித்துக் காட்டி, வட்டமிட வேண்டும். தொடங்குவதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "இது உங்களப் பத்தி இல்லம்மா. இதே கரையில வேற ஒரு அம்மா. அவங்க மகன் தொழிலுக்குப் போயி நாளாச்சு. அந்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் என்னைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஸ்டெல்லா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

"வாசிட்டி."

ஸ்டெல்லா வாசித்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "ஒண்ணு போடு" என்றாள். சில சமயம், "அந்த அம்மாவுக்கு ஏது தூக்கம், ஒண்ணு போடு" என்றாள். மேடம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த வாக்கியம் வந்தபோது ஸ்டெல்லாவின் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்: "என் கஷ்டத்தைச் சொல்லி அழ எனக்கு ஓர் ஆள் உண்டு."

அம்மா இந்த முறை வாசலைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தை, குழிந்த கன்னத்தை, பென்சில் பிடித்திருந்த குச்சி விரல்களைப் பார்த்தாள்.

"அதுக்கு ஏழு போடு" என்றாள்.

ஸ்டெல்லா வட்டமிட்டாள். அதன்பிறகு அவளால் வாசிக்க முடியவில்லை. நாங்கள் யாரும் வாசிக்கச் சொல்லவும் இல்லை. அம்மா பென்சிலை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"சாப்பிட்டியாட்டி?"

"இல்லம்மா."

"எத்தன நாளா?"

"நீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"நானுந்தான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் அம்மா கையை ஊன்றி எழுந்து, அரிசிப் பானையின் மூடியைத் திறந்தாள்.